பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க?

வெளியே தெரியாத உடல், மனக் குறைபாடுகளோடு வாழ்கிறவர்கள் எழுதலாம் என்று போன இதழில் அறிவித்திருந்தார்கள். வடசென்னையிலிருந்துதான் அதிகக் கடிதம் வந்திருக்கிறது. பதில் எழுத என்னைப் பிடித்துப்போட்ட காரணம் எளிது: பத்தாவது படிக்கும்போது எனக்கு வலிப்பு வந்தது, இப்போது 58 வயது, காலையும் இரவும் இன்னும் மாத்திரை போடுகிறேன். காலடிப்பேட்டையில் வீடு. ராஜாஜி சாலைப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. மாத்திரை அளவைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று கேட்டவர்கள் தயவுசெய்து மாத்திரை எழுதிக் கொடுத்தவரிடமே போய்க் கேளுங்கள்.

*

அக்கா, எனக்கு 26 வயது. ஆடிட்டர் ஆபீசில் வேலை. காலேஜ் படிக்கும்போது ஃபிட்ஸ் வந்தது. மாத்திரை போடுவதால் இரண்டு வருஷமாக வரவில்லை. வரன் பார்க்கிறார்கள். "தாலி ஏறட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார் அம்மா. வெளியே தெரிந்தால் தங்கைக்கும் வரன் வராது என்கிறார் சித்தி. சொல்வதா, வேண்டாமா?
பெயர் வேண்டாம், கொருக்குப்பேட்டை

சொல்லிவிடு, கண்ணு.

மறைப்பதில் உள்ள முதல் தொல்லை மாத்திரை டப்பாதான். கல்யாண வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இருக்காது. அதற்கப்புறம் மறுவீடு, விருந்து, கோயில் என்று அலைச்சல். புது வீட்டில் டப்பாவை எங்கே வைப்பாய், எப்போது எடுப்பாய்? பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அட்டையைப் பிரித்து மாத்திரை முழுங்கிய பெண்களை எனக்குத் தெரியும். ஒரு வேளை மாத்திரை விட்டுப்போகும், தூக்கமும் கெட்டிருக்கும். அடங்கியிருந்த வலிப்பு திரும்பி வர இந்த இரண்டும் போதும். எதை மறைக்கப் பாடுபடுகிறாயோ அது மாமியார் முன்னாலேயே வந்து நிற்கும்.

உன் அம்மாவின் பயம் சும்மா வந்ததில்லை. இந்துத் திருமணச் சட்டத்தில் 1976-ல் ஒரு திருத்தம் செய்து, திரும்பத் திரும்ப வலிப்பு வருவதைக் கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்கும் காரணங்களில் சேர்த்தார்கள். 1999-ல் இன்னொரு திருத்தம் வந்து வலிப்பு என்ற சொல்லையே எடுத்துவிட்டது. சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் எடுத்தாகிவிட்டது. ஆகவே வலிப்பு இருக்கிறது என்பதற்காக மட்டும் எந்தக் கல்யாணத்தையும் ரத்து செய்யச் சொல்ல முடியாது. ஆனால் முக்கியமான விஷயத்தை மறைத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று கோர்ட்டுக்குப் போகிற வழி இந்துத் திருமணச் சட்டத்தின் 12-வது பிரிவில் இன்றும் திறந்தேதான் இருக்கிறது. அம்மா சொல்கிற யோசனை நேராக அந்த வழியில்தான் கொண்டுபோய் விடும்.

எப்போது சொல்வது? தரகரிடம் வேண்டாம். ஜாதகம் பார்த்து, போட்டோவும் பிடித்துப்போய், பெண் பார்க்க வருகிறோம் என்று சொன்ன பிறகு, வருவதற்கு முன்னால் சொல். பையனிடம் நீயே சொல், பெரியவர்களிடம் அப்பா சொல்லட்டும். "எனக்கு வலிப்பு இருக்கு. மாத்திரை போடறேன். கடைசியா வந்து ரெண்டு வருஷமாச்சு. வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுப் பக்கத்துல இருந்தாப் போதும்." இவ்வளவுதான். அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதே. வியாதியின் பெயரைக் கேட்டால் எல்லாருக்கும் பயமாகத்தான் இருக்கும். தான் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவருக்குப் பயம் பாதியாகக் குறையும். குரலைத் தாழ்த்திக் கண்ணீர் விட்டுச் சொன்னால் எழவு வீட்டில் துக்கம் கேட்பதுபோலத்தான் கேட்பார்கள்.

என்னைப் பெண் பார்க்க முதலில் பெரம்பூரிலிருந்து வந்தார்கள். விஷயம் கேட்டதும் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். அடுத்து வந்தவர் காசிமேட்டில் ஐஸ் ஃபாக்டரி எலக்ட்ரீஷியன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஸ்கூட்டர்ல பின்னாடி உட்காரலாமா?" என்றார். அம்மாவுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை, எனக்கு அதுதான் பிடித்தது. டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வலிப்பு நன்றாகக் கட்டுக்குள் வரும்வரை வேண்டாம் என்றார் டாக்டர். அதனால் கல்யாணமான புதிதில் எங்கள் ஊர்வலமெல்லாம் டோல்கேட்டில் 6டி பஸ் ஏறித் திருவான்மியூர் வரைதான். ஸ்கூட்டர் வாசலில் கோணி போட்டு மூடிக் கிடந்தது. வருகிறவர் போகிறவர் எல்லாம் விலை கேட்டார்கள்.

சித்தி சொல்வதில் பாதிதான் உண்மை. வலிப்பு தொத்தாது. பெரும்பாலும் பரம்பரையாகவும் வருவதில்லை. நம் நாட்டில் அதற்கு ஒரு முக்கியக் காரணம் பன்றி நாடாப்புழுவின் முட்டை. அழுக்குத் தண்ணீர், சரியாகக் கழுவாத பச்சைக் காய்கறி வழியாக உள்ளே போய் மூளை வரைக்கும் போய்விடும். இதில் உன் தங்கைக்கு என்ன சம்பந்தம்? மீதிப் பாதி ஊர் வாய். அதற்கு என்னிடம் மருந்தில்லை.

ஒரு விஷயம் அவசரம். உன் மாத்திரைச் சீட்டில் வால்ப்ரோயேட் என்று இருக்கிறதா பார். வயிற்றில் வளரும் குழந்தையை அது பாதிக்கும். தேதி குறிப்பதற்கு முன்பே நரம்பியல் டாக்டரிடம் போய், கல்யாணம் ஆகப் போகிறது என்று சொல்லிக் கேள். மாற்ற வேண்டுமானால் அவர் மெதுவாக மாற்றுவார், ஃபோலிக் அமில மாத்திரையும் எழுதுவார். நீயாகத் திடீரென்று நிறுத்தினால் அதுவே ஆபத்து. வலிப்பு உள்ள பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு நல்லபடியாகவே பிள்ளை பிறக்கிறது. எனக்குப் பிறந்த இரண்டும் இப்போது என்னை அதட்டுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டன.

*

வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவி கொடுத்தால் நிற்கிறதே, எப்படி?
ஆட்டோ ஓட்டுநர், ராயபுரம்

சாவியால் நிற்பதில்லை, அண்ணே. பெரும்பாலும் வலிப்பு ஒன்றிரண்டு நிமிஷத்தில் தானாக அடங்கிவிடும். சாவியைத் தேடி எடுத்து வருவதற்குள் அடங்கும் நேரம் வந்துவிடுகிறது, பெயர் சாவிக்குப் போய்விடுகிறது.

ஒரு தீபாவளி சமயம் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளி எடுக்கப் போய் விழுந்துவிட்டேன். கண் திறந்தால் யாரோ ஒருவர் தோள்துண்டு என் தலைக்கடியில். வலது உள்ளங்கையில் கனமான சாவி ஒன்று, பல்லெல்லாம் சதையில் பதிந்து சிவந்திருக்கிறது. பக்கத்தில் மீன்காரம்மா ஒருவர் காலிக் கூடையோடு குந்தியிருந்தார். "ஏந்துக்கினியாமா? சாவியக் குடு, வூட்ல புள்ளைங்க வெளிய நின்னுனு இருக்கும்" என்றார். எனக்குத் தெளிகிற வரைக்கும் அவர் நகராமல் உட்கார்ந்திருந்தாரே, அதுதான் வைத்தியம். சாவி கொடுக்காமலே அவர் அதைச் செய்திருக்கலாம்.

நீங்கள் ரோட்டில் இருக்கிறவர் என்பதால் சொல்கிறேன். முதலில் மணியைப் பாருங்கள். தலைக்கடியில் துண்டு வையுங்கள், கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். கை காலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். வாயில் துணி, ஸ்பூன், விரல், தண்ணீர், சோடா எதுவும் கூடாது. உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். 5 நிமிஷம் தாண்டினாலோ, தெளியாமலே மறுபடி வந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ, அடிபட்டிருந்தாலோ 108-க்குப் போடுங்கள்.

*

மணலியில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் கிரைண்டிங் வேலை பார்த்தவன். வயது 55. காது சரியில்லை. "தனக்கு வேண்டியது மட்டும் விழுது" என்கிறாள் வீட்டுக்காரி. டீக்கடையில், கூப்பிட்டால் திரும்பாத பெரிய மனுஷன் என்று கிண்டல். பேரன் பேசினால் புரியாமல் சிரித்து வைக்கிறேன். சான்றிதழ் கிடைக்குமா? இந்த வயதில் மெஷின் மாட்டினால் கேவலமாக இருக்காதா?
ஒரு தொழிலாளி, எர்ணாவூர்

உங்கள் வீட்டுக்காரம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து இதைப் படியுங்கள், சார்.

மெஷின் சத்தத்தில் கெட்டுப்போகும் காது முழுக்க ஒரே சீராகக் கெடுவதில்லை. முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள். எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் ஆடியோகிராம் சோதனை எடுத்தால் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கோடு பள்ளத்தில் இறங்கியிருக்கும். அ, ஓ என்கிற கனத்த ஒலிகள் நன்றாகவே வரும், ச, த, ப எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிப்போகும். யாரோ பேசுகிறார் என்று தெரியும், என்ன பேசுகிறார் என்று பிடிபடாது. சட்டை, தட்டை, பட்டை எல்லாம் ஒன்றுதான். ஆணின் கட்டைக் குரல் பக்கத்திலிருந்து வந்தால் புரியும். பெண்ணின் குரலும் குழந்தையின் குரலும் உயரமானவை. அதுவும் மிக்ஸி ஓடும்போது சமையற்கட்டிலிருந்து வந்தால் கேட்கவே வேண்டாம். தனக்கு வேண்டியது மட்டும் விழுகிற காது என்று ஒன்று கிடையாதம்மா. முன்னால் வந்து, முகம் வெளிச்சத்தில் தெரிகிற மாதிரி நின்று, கத்தாமல் நிதானமாகச் சொல்லிப் பாருங்கள்.

சான்றிதழ் விஷயம். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. காதுக்கு அதில் உள்ள கணக்கு: இரண்டு காதிலும் 60 டெசிபெல் இழப்பு இருந்தால் காது கேளாமையில் சேரும், 70 என்றால் முழுச் செவிடு. ஒரு காது அடியோடு போய் மற்றது நன்றாக இருந்தால் இதில் வராது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. லாரி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று ஒற்றைக் காதுக்குத் தெரியாது. கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டைக் கடக்கிறவரிடம் போய், உங்களுக்குக் குறையே இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஸ்டான்லி மாதிரி ஒரு அரசு ஆஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஆடியோகிராம் எடுங்கள். முந்தின நாள் சத்தத்தில் நிற்க வேண்டாம், நின்றால் அளவு தப்பாக வரும். இழப்பு அந்தக் கணக்கில் வந்தால் யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். டாக்டர்கள் குறிக்கும் குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் அட்டையில் வெள்ளைப் பட்டை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், அதற்கு மேல் நீலம். பெரும்பாலான சலுகைகள் 40-லிருந்துதான் தொடங்கும். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் காது மெஷின் இலவசமாகத் தருகிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வேலைச் சத்தத்தால் காது போவது தொழில்சார் நோய். தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் அதுவும் ஒன்றாக இருந்தது. 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபெல்தான் உச்சம் என்று விதி இருந்தது. சம்பளத்தில் இஎஸ்ஐ பிடித்தார்களா? பிடித்திருந்தால் பழைய சம்பளச் சீட்டு, இஎஸ்ஐ அட்டை, ஆடியோகிராம் மூன்றையும் எடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்துக்குப் போய் நிரந்தர ஊன உதவித்தொகை பற்றிக் கேளுங்கள். முப்பது வருஷம் கிரைண்டிங் சத்தத்தில் நின்றவர் இதைக் கேட்கக் கூச்சப்படக் கூடாது.

கேவலம் என்றீர்கள். நீங்கள் புரியாமல் சிரிப்பது உங்கள் பேரனுக்கு எப்போதோ தெரிந்திருக்கும், பிள்ளைகள் அதில் கெட்டிக்காரர்கள். மெஷின் மாட்டின உடனே எல்லாம் சரியாகிவிடாது. தட்டு விழுகிற சத்தம்கூட முதலில் எரிச்சலாக இருக்கும். பழகக் கொஞ்ச நாள் ஆகும், அதற்குள் கழற்றி அலமாரியில் போட்டுவிடாதீர்கள். டீக்கடையில் மாஸ்டரிடம் மட்டும் சொல்லுங்கள்: "மெஷின் சத்தத்துல காது போச்சு, தோளைத் தட்டிக் கூப்பிடு." மற்றவர்களுக்கு அவர் சொல்லிக்கொள்வார். டீ மாஸ்டருக்குத் தெரிந்த விஷயம் எர்ணாவூரில் யாருக்குத் தெரியாமல் போகும்?

*

எனக்கு 31 வயது. முடக்குவாதம். காலையில் விரல் மடங்காது, முழங்கால் பிடித்துக்கொள்ளும். மீஞ்சூரிலிருந்து ரயிலில் வேலைக்குப் போகிறேன். உட்கார்ந்திருந்தால், "வயசுப் பொண்ணு, எழுந்து எடம் குடுத்தா என்ன?" என்கிறார்கள். வெளிநாட்டில் சூரியகாந்திப் பட்டை போட்டுக்கொள்கிறார்களாமே, இங்கே உதவுமா?
ஒரு வாசகி, மீஞ்சூர்

அந்தப் பட்டை 2016-ல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் ஆரம்பித்தது. பச்சை நாடாவில் மஞ்சள் சூரியகாந்தி. கழுத்தில் அதைப் பார்த்தால், இவருக்கு வெளியே தெரியாத ஏதோ குறை இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாக நடந்துகொள்ளலாம் என்று அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருப்பதால்தான் அங்கே அது பலிக்கிறது. கும்மிடிப்பூண்டி ரயிலில் போட்டுக்கொண்டு ஏறினால், "எந்தக் காலேஜ்மா?" என்றுதான் கேட்பார்கள்.

வாயால் சொல்வதுதான் இப்போதைக்கு வழி. "மூட்டு வியாதிங்க, நிக்க முடியாது." அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம், ரிப்போர்ட்டைக் காட்ட வேண்டியதும் இல்லை. உண்மையிலேயே வயதான அம்மா ஒருவர் நின்றால் பக்கத்தில் இருக்கும் பெண்ணிடம், "தங்கச்சி, என்னால ஏந்துக்க முடியாது, நீ பாட்டிக்கு எடம் குடேன்" என்று கேளுங்கள். கேட்டால் எழுந்துவிடுவார்கள். அப்புறம் அந்தப் பெட்டியில் யாரும் உங்களைத் திமிர் பிடித்தவள் என்று சொல்ல மாட்டார்கள்.

உங்கள் வியாதியில் இன்னொரு சங்கடம், காலையில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் மரக்கட்டையாக இருக்கிற மூட்டு, பொழுது ஏற ஏற இளகிவிடும். காலையில் இடம் கொடுக்காத பெண் சாயங்காலம் பாரீஸ் கார்னரில் வேகமாக நடந்து போவதை யாராவது பார்த்தால் நடிப்பு என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எல்லாருக்கும் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தால் ரயில் போய்விடும்.

*

வயது 24. மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் பைபோலார் வியாதி என்று சொல்லி லித்தியம் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கால்சென்டரில் வேலை கிடைத்திருக்கிறது, நைட் ஷிஃப்ட். ஆபீசில் சொல்லலாமா?
வியாசர்பாடி வாசகர்

வேலையை விட ஷிஃப்ட்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது, தம்பி. உன் வியாதிக்கு ஆகவே ஆகாதது தூக்கம் கெடுவது. "தூங்கும் நேரம் மாறக் கூடாது, பகல் வேலை கொடுக்கவும்" என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி டீம் லீடரிடம் கொடு. வியாதியின் பெயர் அதில் இருக்க வேண்டிய அவசியமில்லை. 2017-ம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உன் சிகிச்சை விவரம் ரகசியமாக இருப்பது உன் உரிமை. ஆனால் ஆபீஸ் படிவத்தில் நேரடியாகக் கேட்டிருந்தால் பொய் எழுதாதே.

ஆபீசில் சொல்வதைவிட முக்கியம், கூட இருக்கிற ஒரு நண்பனிடம் சொல்வது. "நாலு நாள் தூங்காம, கடன் வாங்கி பிசினஸ் ஆரம்பிக்கறேன்னு நான் பேசினா, எங்க அக்காவுக்கு ஒரு போன் பண்ணு" என்று நல்லா இருக்கும்போதே சொல்லி வை, நம்பரையும் கொடு. அந்த நேரத்தில் உனக்கு உன் மேல் சந்தேகமே வராது.

அக்னி நட்சத்திரத்தில் கவனம். வியர்த்து உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். உடம்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் ஐபுப்ரோஃபெனும் அதை ஏற்றிவிடும். வாந்தி, பேதி, கை நடுக்கம், தள்ளாட்டம் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போ. ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதே. ராத்திரியில் மனசு கெட்டுப் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

*

மகன் ஒன்பதாவது. கேட்டால் எல்லாம் சொல்கிறான், எழுதச் சொன்னால் எழுத்தை விழுங்கி, மாற்றி எழுதுகிறான். சோம்பேறி என்கிறார்கள் பள்ளியில். டிஸ்லெக்ஸியாவாக இருக்குமோ?
ஒரு தாய், புளியந்தோப்பு

இருக்கலாம். முதலில் கண்ணையும் காதையும் பார்த்துவிடுங்கள். அவை சரியென்றால் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவிலோ குழந்தைகள் பிரிவிலோ கற்றல் குறைபாட்டுக்கான சோதனை செய்யச் சொல்லுங்கள். வாயால் பதில் சொல்கிறான் என்பதை மறக்காமல் அங்கே சொல்லுங்கள், அது பெரிய தடயம். குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் மேலே சொன்ன மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று. சோம்பேறித்தனம் அந்தப் பட்டியலில் இல்லை என்று ஆசிரியரிடம் நீங்கள் சொன்னால் சண்டை வரும், சான்றிதழைக் கொடுத்தால் வராது.

பத்தாவது பொதுத்தேர்வில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு, சொல்வதை எழுத ஆள், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு என்று சலுகைகள் உண்டு. சான்றிதழ் இல்லாமல் எதுவும் கிடைக்காது, பள்ளி வழியாகத்தான் விண்ணப்பம் போக வேண்டும். கடைசி நேரத்தில் ஓடுகிறவர்கள்தான் நிறையப் பேர். இந்த வருஷமே சோதனையை முடித்துவிடுங்கள். பத்தாவது திறந்ததும் விண்ணப்பத்தைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரைக்கும் வீட்டில் இம்போசிஷன் எழுத வைப்பதை நிறுத்திவிட்டு, பாடத்தை வாயால் கேளுங்கள்.